யூரியா 84, கிரியாட்டினின் 1.3: கிட்னி நல்லாருக்கா இல்லையா?

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து செகண்ட் இயர் நர்சிங் படிக்கிற தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: வார்டுல 68 வயசு அம்மா, 40 கிலோதான் இருப்பாங்க, நடவுக்குப் போறவங்க, ரெண்டு நாளா வாந்தி பேதி, ப்ளட் யூரியா 84, கிரியாட்டினின் 1.3. "கிரியாட்டினின் லேசாத்தானே கூட இருக்கு, கிட்னி ஓகேன்னு எடுத்துக்கலாமா?"

எடுத்துக்காதீங்கம்மா. கிரியாட்டினின் சதையிலேர்ந்து வர்ற கழிவு, ஒல்லியா வயசானவங்களுக்கு உடம்புல உருவாகுறதே கம்மி, அதனால கிட்னி வேலை நல்லா குறைஞ்சிருந்தாலும் நம்பர் பெருசா ஏறாது. இதே 1.3, 25 வயசு பையனுக்கு இருந்தா, வயசு, ஆணா பெண்ணான்னு பாத்துப் போடுற 2021 சிகேடி-எபி கணக்குப்படி இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கிற மதிப்பீடு) 78 கிட்ட வரும், இந்த அம்மாவுக்கு 45தான். ஆனா அந்த 45ஐ பாத்துட்டு நாள்பட்ட கிட்னி வியாதின்னும் முடிவு கட்டிடக்கூடாது, அதுக்கு 3 மாசமாவது 60க்கு கீழ நிக்கணும், தவிர கிரியாட்டினின் ஏறி இறங்கிட்டு இருக்கப்ப இஜிஎஃப்ஆர் கணக்கே சரியா வராது. அதனால கூட வந்தவங்ககிட்ட பழைய ரிப்போர்ட் இருக்கான்னு மொதல்ல கேளுங்க. 48 மணி நேரத்துக்குள்ள 0.3 ஏறியிருந்தாலே அது திடீர் கிட்னி பாதிப்பு, நார்மல் ரேஞ்சுக்குள்ளயே ஏறியிருந்தாலும் அப்படித்தான்.

அடுத்து யூரியா. உங்க புக்ல பியூஎன்னு (யூரியாவுல இருக்க நைட்ரஜன் அளவு மட்டும்) இருக்கும், நம்ம ஊர் லேப்ல பெரும்பாலும் ப்ளட் யூரியாவைத்தான் போடுவாங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. 84ஐ 2.14ஆல வகுத்தா பியூஎன் 39, அதை கிரியாட்டினின் 1.3ஆல வகுத்தா 30. இந்த விகிதம் 20க்கு மேல போனா உடம்புல தண்ணி வத்திருக்கலாம், கிட்னி தண்ணியை இழுத்து வச்சுக்கும்போது யூரியாவும் கூடவே திரும்பி உள்ள போயிடும். வாந்தி பேதிக்கு இது பொருந்துது. இருந்தாலும் மலம் கருப்பா போச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க, வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் யூரியா இப்படித்தான் ஏறும். இடுப்பு வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டாங்களான்னும் கட்டாயம் கேளுங்க, குனிஞ்சே நாள் பூரா வேலை பாக்குறவங்க அதைச் சாதாரணமா போட்டுக்குவாங்க, வெயில்ல தண்ணி வத்துன உடம்புல டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தத்தை இன்னும் குறைச்சிடும்.

பொட்டாசியம் 6ன்னு வந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஈசிஜி எடுக்கச் சொல்வாங்க, அதோட சாம்பிளையும் சந்தேகப்படுங்க. சிரிஞ்சை வேகமா அமுக்கி ட்யூப்ல பீச்சினா செல் உடைஞ்சு பொட்டாசியம் பொய்யா ஏறும். பர்ப்பிள் மூடி ட்யூப்ல இருக்கதை சிவப்பு மூடிக்கு மாத்தி ஊத்துறதை தயவுசெஞ்சு செய்யவே செய்யாதீங்க, பர்ப்பிள் ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்கப் போட்டிருக்க ஈடிடிஏவுல பொட்டாசியம் இருக்கு, கால்சியம் வேற தாறுமாறா கம்மியா காட்டும்.

லேப் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே உங்க கையில இருக்கது யூரின் அளவுதான். 40 கிலோவுக்கு மணிக்கு 20 எம்எல்லாவது வரணும், தொடர்ந்து 6 மணி நேரம் அதுக்குக் கீழ போனா அதுவே கிட்னி பாதிப்புதான். 6 மணி நேரம் ஆகட்டும்னு காத்திருக்காதீங்க, குறைய ஆரம்பிக்கும்போதே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிட்டு, சொன்ன நேரத்தையும் சார்ட்ல எழுதுங்க.