பதில்: 'ஹேப்பி வேலி' 2ஆம் சீசன் – டாமியின் அம்மாவைக் கொன்றது யார்?

பிரிட்டிஷ் போலீஸ் தொடரான 'ஹேப்பி வேலி'யில் சிறையில் இருக்கும் குற்றவாளி டாமியின் அம்மா லின்னைக் கொன்றது யார் என்று கேட்டிருந்தீர்கள். நாயகியான போலீஸ் சார்ஜென்ட் கேத்ரீன் கொல்லவில்லை, டாமியும் ஆள் வைத்துக் கொல்லவில்லை. லின்னைக் கொன்றவன் தொடர் கொலைகாரன் டேரில். (ஸ்பாய்லர்தான், ஆனால் நீங்கள் கேட்டதே அதுதானே.)

நீங்கள் குழம்பியதற்குக் காரணம் போலீஸ் துப்பறிவாளன் ஜான் வாட்ஸ்வொர்த் என்று நினைக்கிறேன். அவன் தன் கள்ளக்காதலி விக்கியைக் கொன்றுவிட்டு, பழி அந்தத் தொடர் கொலைகாரன் மேல் விழும்படி செய்கிறான். அதனால் எல்லாச் சாவையும் ஒரே கையில் போட்டுப் பார்க்கத் தோன்றும்.

முதல் எபிசோடை மறுபடி போட்டுப் பாருங்கள். ஆடு திருடு போன கதையைக் கேத்ரீன் தங்கை கிளேரிடம் சொல்லும் இடம். சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே வருகிறாள், கடைசியில் அழுகிப்போன ஓர் உடல், லின்னுடையது. லின்னுக்குக் கேத்ரீன் முன்பு அனுப்பிய மிரட்டல் செய்திகள் போலீஸ் கையில் சிக்குவதால்தான் சந்தேகம் அவள் பக்கம் திரும்புகிறது.

அம்மாவை மோசமாக நடத்திய டாமி, அவள் சாவுக்குக் கேத்ரீன்தான் காரணம் என்று ஏன் இவ்வளவு கொதிக்கிறான் என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்து அது நடிப்பில்லை. குடியிலும் போதையிலும் கரைந்துபோன அந்த அம்மாவை விட்டால் அவனுக்கென்று பெரிதாக யாரும் இல்லை. அவள் அவனைக் கண்டு நடுங்கினாள், ஆனாலும் கைவிடவில்லை. கைவிலங்கோடு இறுதிச் சடங்குக்கு வரும்போது டாமியாக நடித்த ஜேம்ஸ் நார்ட்டனின் முகத்தைப் பாருங்கள்.

ஒன்று: அவனுடைய துக்கம் உண்மை என்பதால் கேத்ரீன் மேல் அவன் போடும் பழியும் உண்மையாகிவிடாது.