ஒட்டிய சதைக்கு ரத்தம் போகிறதா? – சிஸ்டரிடம் கேளுங்கள்

டர்பனில் பல வருடம் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் சிஸ்டராக இருந்தவள் நான். உடம்பின் ஓரிடத்துச் சதையை ரத்தக்குழாயோடு எடுத்து இன்னோரிடத்தில் பொருத்துவதை ஃப்ளாப் என்போம். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்குத் தாடையில் புற்றுநோய். கால் எலும்பையும் தோலையும் எடுத்து வைத்தார்கள். ராத்திரி மணிக்கொரு தரம் எழுப்பி வாய்க்குள் டார்ச் அடிக்கிறார்கள். தூங்க விடக் கூடாதா அக்கா?

கோபப்படாதே அம்மா. இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாயை முடியைவிட மெல்லிய நூலால் தைத்திருக்கிறார்கள். அடைத்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான் அடைக்கும். தமனி அடைத்தால் சதை வெளுத்துச் சில்லிடும். சிரை அடைத்தால் போன ரத்தம் திரும்ப வழியில்லாமல் வீங்கிக் கறுக்கும், இதுதான் அதிகம். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

விரலால் அமுக்கி விட்டால் இரண்டு மூன்று நொடியில் நிறம் திரும்ப வேண்டும். சட்டென்று திரும்பினால் நல்லது என்று நினைக்காதே, சிரைக் கோளாறாக இருக்கலாம். நம் மாநிறத் தோலில் இது சரியாகத் தெரியாது. அதனால் ஊசியால் லேசாகக் குத்துவோம். செக்கச்சிவந்த சொட்டு வந்தால் நிம்மதி. கறுத்த ரத்தம் குபுக்கென்று வந்தால் அந்த நிமிடமே டாக்டருக்கு போன்.

அதே மகள்: கழுத்திலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வருகிறதே?

அது டாப்ளர், ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்க உதவும் கருவி. சிரையைச் சுற்றிய சின்னப் பட்டையிலிருந்து வருகிறது. சிரையின் சத்தம் காற்று வீசுவது போலிருக்கும். ஒயர் நகர்ந்தாலும் சத்தம் நிற்கும், ஆனாலும் நின்றால் ஓடித்தான் வருவோம். சில நாள் கழித்து இழுத்து எடுத்துவிடுவார்கள்.

பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி: ரத்த ஓட்டத்தை ஆபரேஷன் தியேட்டரிலேயே அளக்க முடியாதா?

அளக்கலாம். குழாயைக் கவ்வும் ஒரு கருவி ஒலி அலையை இரு திசையிலும் அனுப்பும். ஓட்டத்தோடு போகும் அலை சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போவது தாமதமாகும். அந்த வித்தியாசத்தை வைத்து நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று சொல்லிவிடும். பச்சைச் சாயம் ஏற்றி அகச்சிவப்பு கேமராவில் பார்ப்பதும் உண்டு. ரத்தம் போகும் இடம் ஒளிரும், இருண்டிருக்கும் ஓரத்தை டாக்டர் வெட்டி எடுக்கலாம். அயோடின் அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பிரஷர் இறங்கினாலும் குழாய் சுருங்கினாலும் அது குறையும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பெரியவர்: 1967-இல் கேப் டவுனில் பர்னார்ட் இதயம் மாற்றினாரே, அதுபோல ஆயுசுக்கும் மாத்திரையா?

இல்லை ஐயா. அது வேறொருவர் இதயம், இது உங்கள் சதை. உடம்பு எதிர்க்காது.

பெயர் சொல்லாத ஒருவர்: வார்டுக்கு வெளியே ஒரே ஒரு சிகரெட்?

வேண்டாம். நிகோடின் குழாயைச் சுருக்கும். பக்கத்தில் நின்று ஊதும் மச்சானையும் துரத்துங்கள்.