உதவிக்கு வர்ற செல்லை எழுப்புறது யாரு?

கேள்வி: உதவி டி செல்ங்குற வெள்ளையணு தான் சைட்டோகைன்ங்குற சேதி சொல்ற புரோட்டீனை விட்டு மத்த செல்லையெல்லாம் வேலைக்கு எழுப்பும்னு கிளாஸ்ல சொன்னாங்க டாக்டர். அப்போ அந்த உதவி டி செல்லையே எழுப்புறது யாரு?
- பிளஸ் டூ மாணவி, விருதுநகர்

பதில்: நல்லா மடக்கிட்டம்மா. அதுலயும் சைட்டோகைனுக்கு பங்கு இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு வேலை நடக்கணும். கால்ல முள்ளு குத்தி சீழ் வச்சா தொடை இடுக்குல நெறி கட்டும்ல, கூத்து பூரா அங்க தான். புண்ணுல இருக்குற டென்ட்ரிட்டிக் செல் கிருமியை முழுங்கி, துண்டு போட்டு, அந்த துண்டை தன் மேல ஒட்டிக்கிட்டு நிணநீர் வழியா அந்த நெறிக்கு வந்து சேரும். அங்க வந்து போற டி செல்கள்ல எதுக்கு அந்த துண்டு பொருந்துதோ அது நின்னுடும். பொருந்தினா மட்டும் போதாது, டென்ட்ரிட்டிக் செல் மேல பி7னு ஒரு புரோட்டீன் இருக்கு, அது டி செல் மேல இருக்குற சிடி28ஐ தொடணும், தொடலைன்னா டி செல் மரத்துப் போயிடும், அப்புறம் கூப்பிட்டாலும் லேசுல எந்திரிக்காது. நம்ம உடம்பை நாமளே அடிச்சுக்காம இருக்க அது ஒரு காவல்.

ரெண்டும் சரியா நடந்தா இன்டர்லூக்கின்-2ங்குற சைட்டோகைன் சுரக்க ஆரம்பிக்கும். வேடிக்கை என்னன்னா, சுரக்குறதும் அந்த செல் தான், அதை வாங்கிக்கிற ஏற்பியை தன் மேல முளைக்க வச்சுக்குறதும் அந்த செல் தான், தானே சமைச்சு தானே சாப்பிட்டு ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி சில நாள்ல ஆயிரக்கணக்குல பெருகிடும், நெறி வீங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். 1976ல அமெரிக்காவுல இதை கண்டுபிடிச்சப்போ டி செல் வளர்ச்சிக் காரணின்னு தான் பேர் வச்சாங்க.

பெருகுற செல் என்னவா மாறும்னு முடிவு பண்றது சுத்தியிருக்குற சைட்டோகைன். இன்டர்லூக்கின்-12 இருந்தா டிஎச்1ங்குற உதவி டி செல் வகை, அது இன்டர்ஃபெரான் காமாங்குற சைட்டோகைனை விடும், கிருமியை முழுங்கிட்டு கொல்ல முடியாம முழிக்குற மேக்ரோஃபேஜுக்கு அப்ப தான் தெம்பு வரும். இன்டர்லூக்கின்-4 இருந்தா டிஎச்2, குடல் புழுவை விரட்ட இது வேணும், தூசி பட்டா அடுக்கடுக்கா தும்முறவங்களுக்கு தொல்லை குடுக்குறதும் இதே தான். டிஜிஎஃப் பீட்டாங்குற சைட்டோகைன் கூட இன்டர்லூக்கின்-6 சேர்ந்தா சண்டை போடுற டிஎச்17, சேரலைன்னா சண்டையை அடக்குற ரெகுலேட்டரி டி செல், ஒரே ஒரு சரக்கு கூடக் குறைய இருக்குறதுல அடிக்கிறவன் அடக்குறவனா மாறிடுறான் பாரு. இந்த டிஎச்1, டிஎச்2 பிரிவை 1986ல எலி செல்கள்ல பார்த்து சொன்னவங்க விஞ்ஞானிங்க மாஸ்மனும் காஃப்மனும். ஒண்ணு விடுற சைட்டோகைன் இன்னொண்ணை அமுக்கும், அதனால ஒரு பக்கம் சாய்ஞ்சுட்டா சாய்ஞ்சது தான்.

கேள்வி: அப்பாவுக்கு மாண்டூ டெஸ்ட் போட்டாங்க, மூணாம் நாள் கை கல்லு மாதிரி வீங்கிடுச்சு. ஊசி ஒத்துக்கலையா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: ஒத்துக்காம இல்லீங்க, அந்த வீக்கத்தை பார்க்கத் தான் ஊசியே போடுறது. டிபி கிருமியோட புரோட்டீனை தோலுக்குள்ள வைப்பாங்க, முன்னாடியே அதை பார்த்துப் பழகின டிஎச்1 செல் அங்க கூடி இன்டர்ஃபெரான் காமாவை விட்டு மேக்ரோஃபேஜை கூப்பிடும், அதுக்கு 2, 3 நாள் ஆகும், அதான் 48லேருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஸ்கேல் வச்சு அளக்குறாங்க, அதுவும் சிவப்பை இல்ல, கெட்டியா இருக்குற இடத்தை. பாசிட்டிவ்னா உடம்பு டிபி கிருமியை சந்திச்சிருக்குன்னு அர்த்தம், சின்ன வயசுல போட்ட பிசிஜி தடுப்பூசியால கூட வரலாம், நோய் இருக்குன்னு ஆகிடாது. எக்ஸ்ரேவும் சளி டெஸ்ட்டும் எடுத்துட்டு டாக்டர் சொல்லுவார்.

கேள்வி: இம்யூனிட்டி பூஸ்டர் பொடி டப்பா 900 ரூபா, வாங்கலாமா?
- இல்லத்தரசி, சேலம்

பதில்: எதை பூஸ்ட் பண்ணப் போறாங்களாம்? தொழுநோயை எடுத்துக்கோங்க. ஒரே கிருமி, ஒருத்தருக்கு உணர்ச்சியில்லாத ஒண்ணு ரெண்டு தேமலோட நிக்குது, இன்னொருத்தருக்கு உடம்பெல்லாம் பரவி தோல்ல கிருமி கோடிக்கணக்குல இருக்கு. ரெண்டாமவருக்கு எதிர்ப்பு சக்தி தூங்குதுன்னு தானே நினைப்போம், இல்லை, அவர் ரத்தத்துல தான் ஆன்டிபாடி அதிகம். 1991ல ரெண்டு வகை நோயாளிங்களோட தோலையும் எடுத்து சோதிச்சப்போ முதல் வகையில இன்டர்லூக்கின்-2, இன்டர்ஃபெரான் காமா, ரெண்டாவதுல இன்டர்லூக்கின்-4, 5, 10னு மேலோங்கி இருந்துச்சு. சக்தி கம்மியில்ல, திசை தப்பு, அங்க போய் இன்னும் ஏத்துனா என்னத்துக்கு ஆகும்? மூட்டுவாதக்காரங்களுக்கு ஏற்கனவே ஏறினதை இறக்கத் தான் நாங்க இன்டர்லூக்கின்-6ஐ தடுக்குற ஊசியே போடுறோம். பொடியில நிஜமாவே சைட்டோகைன் கலந்திருந்தாக் கூட அதுவும் ஒரு புரோட்டீன் தானே, வயித்துக்குள்ள போனா அவிச்ச முட்டை மாதிரி ஜீரணமாகிடும். முட்டை 7 ரூபா.