அப்பா என்ன சொல்கிறார்?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு ஐம்பது நாட்களுக்கு முன்பு பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆறு வாரம் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். 'நான் உசுரோட இருக்கும்போது எதுக்கு ஹோம்?' என்கிறார் அம்மா. 'பெத்த அப்பனைக் கொண்டுபோய்த் தள்ளிட்டான்னு ஊர் பேசும்' என்கிறார் சித்தப்பா. பக்கத்து வீட்டில் புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறார்கள். வீட்டைப் போல மருந்து இல்லை என்று நீங்களே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நான் என்ன செய்வது?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தையும் இரண்டு தடவை படித்தேன். அம்மா சொன்னது, சித்தப்பா சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது எல்லாம் இருக்கிறது. அப்பா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவருடைய காலைப் பற்றித்தானே இத்தனை பேச்சும்?

என் கட்டுரை டைபாய்டில் படுத்த ஒரு பையனைப் பற்றியது. அதை இதற்கு இழுக்காதீர்கள். ஊர் எப்படியும் பேசும், அதை விடுங்கள்.

போன வாரம் பரண் ஒதுக்கும்போது என் மாமாவின் தோல் பை கிடைத்தது. ஈரோடு–சத்தி ரூட்டில் இருபத்தாறு வருடம் கண்டக்டராக இருந்தவர். அவர் நினைப்பிலேயே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. அவருக்கும் வலது பக்கம்தான், பேச்சும் போனது. அத்தை அவரைத் தரையில் விடவில்லை. ஊட்டினாள், தலை வாரினாள், வந்தவர்களுக்கெல்லாம் பதிலும் அவளே சொன்னாள். "அவருக்குத் தூக்கம் வருதாமுங்க." "காப்பி வேண்டாங்கிறார்." அவர் எங்கே சொன்னார்? மூன்று மாதத்தில் மாமா வாயைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். அத்தையைத் தெய்வம் என்றோம். முதலில் சொன்னவன் நான். அந்தத் தெய்வமும் நானுமாகச் சேர்ந்து, விழுந்த கையைப் பிடித்து இழுத்துத்தான் அவரைத் தினமும் தூக்கி உட்கார வைத்தோம். தோள்மூட்டு பிசகியது. அந்த வலி கடைசிவரை போகவில்லை. விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. மூளை வேகமாக மீளும் காலமே அந்த முதல் மூன்று மாதம்தான். அதை நாங்கள் பாசத்திலேயே தீர்த்துவிட்டோம்.

அப்புறம்தான் மையத்துக்குப் போனோம். வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்றார்கள். அத்தை தங்கினாள். முதல் நாள் நானும் இருந்தேன். ஸ்பீச் தெரபிஸ்ட் சின்னப் பெண். "தண்ணியா, டீயா சார்?" என்று கேட்டாள். அத்தை, "டீதானுங்க" என்றாள். "நான் சாரைக் கேட்டேம்மா." அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அத்தை முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். வந்தது ஒரே சொல், சுத்தமான பஸ் ஸ்டாண்ட் கெட்ட வார்த்தை. அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "சரி, குரல் நல்லா இருக்கு" என்றாள்.

மறுநாள் அவள் "ஈரோடு..." என்று எடுத்துக்கொடுத்தாள். "சித்தோடு, கவுந்தப்பாடி, கோபி, சத்தி" என்று மாமா மடமடவென்று சொல்லிவிட்டார். கோபியைத் தனியாகச் சொல்லச் சொன்னால் வரவில்லை. பழகிப்போன வரிசை, பாட்டு, சாமி சுலோகம், வசவு இதெல்லாம் பல பேருக்குத் தப்பித்துவிடுமாம். 1861-இல் பிரான்சில் புரோக்கா என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அந்த நோயாளி 'டான்' என்பார், கோபம் வந்தால் மட்டும் திட்டுவார். ஆனால் கேட்பது ஏறக்குறைய எல்லாம் அவருக்குப் புரிந்தது. உங்கள் அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்று ஹோமா வீடா என்று பேசினீர்களே, அவர் காது அடைத்துப் போயிருந்தது என்றா நினைத்தீர்கள்?

ஹோம், ஹோம் என்கிறீர்கள். அது முதியோர் இல்லம் இல்லை ஐயா. திரும்பி வரும் தேதியோடு போகிற இடம். அங்கே பாதிப் பாடம் அம்மாவுக்குத்தான். சட்டையில் முதலில் விழுந்த கையை நுழைக்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் சாப்பாடு, சாப்பிட்டதும் படுக்கவிடக் கூடாது. இதையெல்லாம் அத்தை நாலே நாளில் கற்றுக்கொண்டாள். சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளத்தான் ஒரு மாதம் ஆனது. மாமா இடது கையால் ஒரு பட்டனோடு மல்லுக்கட்டுவார். அத்தை தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருப்பாள்.

வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954-இல் ஒரு விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் தங்கிப் பயிற்சி பெறும் மையம் வந்ததே அவரால்தான். பாவம் என்று யாராவது அவருக்கு ஊட்டிக்கொண்டே இருந்திருந்தால்?

மாமாவுக்குப் பேச்சு முழுசாக வரவில்லை. பத்திருபது சொற்கள், அதில் பாதி அச்சில் ஏறாது. ஆனால் குச்சி ஊன்றி டீக்கடை வரை போனார், இடது கையால் சில்லறை எண்ணிக் கொடுத்தார். ஊர் திரும்பிய பிறகு அப்பாவுக்கு பிசியோ வேண்டும் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள்.

இன்று ராத்திரி டிவியை அணையுங்கள். அம்மாவை அடுப்படிக்கு அனுப்பிவிடுங்கள். அந்த மையத்தின் படத்தையும் உங்கள் வீட்டுப் படத்தையும் அப்பாவின் இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்து, அங்கே ஆறு வாரம், அப்புறம் இங்கே என்று சொல்லுங்கள். போகலாமா என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். உங்களைத் திட்டினால் இன்னும் நல்லது.

புறாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாங்கியாகிவிட்டது என்றால் கூண்டைத் திறந்துவிடுங்கள்.