நீக்கிய பிறகும் ஓடுகிறதே?

வணக்கம் அண்ணா,

எங்கள் அலுவலகத்தில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர் இருக்கிறது. அங்கிருந்து டேட்டாபேஸ் சர்வரின் 5432 போர்ட் எட்டுகிறதா என்று பார்க்க, இணைப்புகளைச் சோதிக்கும் நெட்கேட் என்ற கருவியை நிறுவ 'ஆப்ட் இன்ஸ்டால் நெட்கேட்' கொடுத்தேன். பார்த்து முடித்ததும், "புரொடக்‌ஷன் சர்வரில் இதெல்லாம் இருக்கக் கூடாது, எடுத்துவிடு" என்றார் மேலாளர். ரிமூவ் கொடுத்தேன். நீக்கியாயிற்று என்று வந்தது. ஆனால் நெட்கேட்டை இயக்கும் 'என்சி' கட்டளையைத் தட்டினால் இன்னும் ஓடுகிறது. பர்ஜ் கொடுத்தும் அப்படியேதான். எங்கே தவறினேன்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

நீங்கள் தவறவே இல்லை. உபுண்டு 22.04-இல் 'நெட்கேட்' என்ற பேக்கேஜ் வெறும் உறைதான், உள்ளே நிரல் கிடையாது. 'நெட்கேட்-ஓபன்பிஎஸ்டி' என்ற இன்னொரு பேக்கேஜைக் கொண்டுவருவது மட்டுமே அதன் வேலை. அந்த இரண்டாவது பேக்கேஜ் உங்கள் சர்வரில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. நீங்கள் உறையை வைத்தீர்கள், உறையை எடுத்தீர்கள். இடையில் என்சி அசையவே இல்லை. ரிமூவ் விட்டுவைக்கும் அமைப்புக் கோப்புகளையும் பர்ஜ் சேர்த்து அழிக்கும். ஆனால் நீங்கள் பெயர் சொன்ன பேக்கேஜை மட்டும்தான் அது தொடும். டெபியன் 12-இல் இந்தக் குழப்பம் இல்லை. நெட்கேட் என்று கேட்டால், அதன் இரண்டு வகைகளில் ஓபன்பிஎஸ்டியா டிரெடிஷனலா, ஒன்றைச் சொல் என்று நின்றுவிடும்.

சரி, உங்கள் சர்வரில் இருக்கும் நெட்கேட்-ஓபன்பிஎஸ்டியையும் எடுத்துவிடலாமா? மேலாளரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1990-களில் வந்த பழைய நெட்கேட்டின் வழியில் தொகுக்கப்பட்ட டிரெடிஷனலில் 'மைனஸ் ஈ' என்றொரு வசதி உண்டு. இணைப்பு கிடைத்ததும் ஒரு ஷெல்லையே, அதாவது கட்டளை கொடுக்கும் இடத்தையே, மறுமுனையிடம் ஒப்படைத்துவிடும். ஓபன்பிஎஸ்டி வகையில் அது கிடையாது. அப்புறம், உள்ளே நுழைந்துவிட்டவனுக்கு நெட்கேட்டே தேவையில்லை, பாஷ் ஷெல்லே டிசிபி இணைப்பு திறக்கும். அதனால் இதை எடுப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சிறியது என்பது என் எண்ணம். நாம் போட்டதை நாமே எடுப்பது நல்ல பழக்கம். சிஸ்டத்தோடு வந்ததை எடுப்பது வேறு விஷயம், அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ரிமூவ் கட்டளையோடு 'மைனஸ் எஸ்' சேர்த்து ஒத்திகை பாருங்கள். எதையும் தொடாமல், எவையெல்லாம் போகும் என்று மட்டும் காட்டும். அதில், அடிப்படைப் பேக்கேஜ்களைச் சேர்த்துப் பிடித்து வைக்கும் 'உபுண்டு-மினிமல்' என்ற பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது போனால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பின்னொரு நாள், வேண்டாதவற்றைத் தானே நீக்கும் ஆட்டோரிமூவ் கொடுக்கும்போது, அது பிடித்து வைத்திருந்த மற்றவையும் வேண்டாதவை என்று கணக்கில் வரலாம்.

குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் ஸ்கிரிப்டுகளிலும் என்சி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதைத் தேடாமல் நீக்கிவிட்டேன். போர்ட் விழுந்தால் மின்னஞ்சல் அனுப்ப வேண்டிய ஸ்கிரிப்ட் ஒன்று என்சியை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் எந்த எச்சரிக்கையும் வரவில்லை, எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

மேலாளரிடம் பேசும்போது ஆப்ட்டின் ஹிஸ்டரி லாகைத் திறந்து காட்டுங்கள். எந்த நிமிடத்தில் எது வந்தது, எது போனது என்று அதில் வரிவரியாக இருக்கும். அன்று நீங்கள் சேர்த்தது 'நெட்கேட்' ஒன்றுதான் என்பதை அவரே படித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்.