சென்னையில் கப்பல் மின்னணுக் கருவிகளுக்கான தொழில்நுட்ப உதவி மேலாளர் பணி எப்படிப்பட்டது?

களப்பொறியாளராக இருக்கும் நீங்கள், மேலாளரானால் மேசை வேலை மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அமர்வது அலுவலகத்தில்தான் என்றாலும், சென்னைக்கோ எண்ணூருக்கோ காட்டுப்பள்ளிக்கோ கப்பல் வந்து சேருமுன் பழுது எதுவென்று பெரும்பாலும் கண்டறிந்து, உரிய உதிரிபாகத்தோடு ஆளைத் தயாராக நிறுத்துவதுதான் இந்தப் பணியின் உயிர். சரக்குப் பெட்டகக் கப்பல் ஒரே நாளில் புறப்பட்டுவிடலாம். துறைமுக அனுமதிச் சீட்டும் சுங்க நடைமுறையும் அதற்குள் முடிய வேண்டும்.

"ரேடாரில் இலக்குகள் மங்கலாகத் தெரிகின்றன" என்று கப்பலிலிருந்து ஒருவரி மின்னஞ்சல் வந்ததும் ரேடார் அலையை உருவாக்கும் குழலான மேக்னட்ரான் தேய்ந்துவிட்டது என முடிவுகட்டுவோர் அதிகம். நான் முதலில் கேட்பது, 9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் எக்ஸ் பேண்ட் ரேடாரில் மட்டும் அப்படியா, 3 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் எஸ் பேண்ட் ரேடாரிலுமா என்பதையே. எக்ஸ் பேண்டில் மட்டும் என்றால், அங்கே மழை பெய்கிறதா என்று கேட்பேன். மழை அந்த அலைவரிசையைத்தான் அதிகம் பாதிக்கும். அடுத்து, அலைபரப்பிய மொத்த மணிநேரத்தையும் மேக்னட்ரான் மின்னோட்டத்தையும் காட்டும் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வேன். இரண்டும் சரியாக இருந்தால், திரும்பி வரும் அலையை வாங்கும் ரிசீவரையும், ஆன்டெனாவுக்கு அலையைக் கொண்டுசெல்லும் அலைவழிக் குழாயில் நீர் புகுந்திருப்பதையும் சந்தேகிக்க வேண்டும். மேக்னட்ரானையே மாற்ற நேர்ந்தால், இரும்புக் கருவிகளை அதனருகே கொண்டுபோகாமலும், அலைபரப்பும் முன் அரை மணி நேரமாவது ஸ்டாண்ட்பையில் (அலை பரப்பாத காத்திருப்பு நிலையில்) சூடேற்றியும் செய்ய வேண்டும். கப்பல் கிளம்பும் அவசரத்தில் பொறியாளர் இதைத் தவிர்த்துவிடாதபடி, தொலைபேசியில் உடனிருந்து பார்த்துக்கொள்வதும் மேலாளர் வேலையே.

காசிமேட்டு விசைப்படகுகளின் காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறும்போதுதான் ஒலியலை அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் எக்கோ சவுண்டரின் டிரான்ஸ்டியூசரை, அதாவது படகின் அடியில் அந்த ஒலியை அனுப்பி வாங்கும் பாகத்தை, சரிபார்க்க முடியும். அதன் முகத்தில் சிப்பி படிந்திருந்தாலோ, அடிப்பகுதிக்கு வண்ணம் பூசும்போது அதன்மீதும் தடிமனாகப் பூசிவிட்டாலோ, கருவியில் எந்தப் பழுதும் இல்லாமலேயே மீன் தெரியாது. படகு உரிமையாளர் "சார், மிஷின் போச்சு" என்று அழைத்தால், புதியதை விற்க முனையாமல் முதலில் இதைப் பார்க்கச் சொல்வதே நேர்மை. பெரிய கப்பலின் கேப்டனுக்குக் காட்டும் மரியாதையில் அணுவளவும் அவருக்குக் குறையக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பொறுப்பேற்குமுன் சில ஆண்டுகளாவது ரேடார் ஆன்டெனா இருக்கும் கப்பல் கம்பத்தில் ஏறி வேலை செய்யுங்கள். கருவித் தயாரிப்பாளர்கள் தரும் பயிற்சிச் சான்றுகளையும் பெற்றுவிடுங்கள். கப்பலின் கறுப்புப் பெட்டியான பயணத் தரவுப் பதிவுக் கருவியின் ஆண்டுச் சோதனையை அந்தச் சான்று இல்லாதவர் செய்ய இயலாது.