பிக்கப் ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டிய இரண்டு ஹோஸ்கள்

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 15 வருடப் பழைய டீசல் பிக்கப் இருக்கிறது. மார்கழியில் விடியற்காலை 3 மணிக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை மண்டிக்குப் போகிறேன். ஹீட்டரைப் போட்டால் காற்று வேகமாக வருகிறது, ஆனால் ஜில்லென்று வருகிறது. கண்ணாடியில் ஆவி படிந்து ரோடே தெரிவதில்லை. டேஷ்போர்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். டேஷ்போர்டைக் கழற்றினால் ஒரு நாள் கூலி போகும், பழைய வண்டியில் பிளாஸ்டிக் கொக்கிகளும் உடையும். என் பட்டறைக்கு இந்தப் புகாரோடு வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் பானெட்டுக்குக் கீழேயே சரியாகிவிட்டன.

ஹீட்டர் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. இன்ஜினைச் சுற்றிவரும் சுடுதண்ணீரில் கொஞ்சம் ஒரு ஹோஸ் வழியாகக் கேபினுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குப் போய், இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. அந்தச் சின்ன ரேடியேட்டரைத்தான் ஹீட்டர் கோர் என்கிறோம். ப்ளோயர் என்னும் சின்ன ஃபேன் அதன் மேல் காற்றை அடிக்கிறது, அவ்வளவுதான். உங்கள் வண்டியில் காற்று வேகமாக வருவதால் ப்ளோயரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சுடுதண்ணீர் எங்கே நின்றுபோகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வண்டியை 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். வெறுமனே ஐடிலில் விட்டால் டீசல் இன்ஜின் லேசில் சூடேறாது. ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறங்கள். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுக்குள் விரல் பருமனுக்கு இரண்டு ஹோஸ்கள் நுழையும். இரண்டையும் சட்டென்று தொட்டுப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் அப்போது தொடாதீர்கள். சூட்டில் திறந்தால் கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும்.

இரண்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் கோருக்குத் தண்ணீர் சரியாகப் போகிறது. கோளாறு உள்ளே சூட்டையும் குளிரையும் பிரிக்கும் மடலிலோ அதை இழுக்கும் கேபிளிலோ இருக்கும். பழைய வண்டிகளில் கேபிள் கிளிப்பிலிருந்து நழுவித் தொங்கும். குமிழைத் திருப்பும்போது எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று சுற்றினால் அதுதான்.

ஒன்று சுட்டு, இன்னொன்று ஆறிப்போய் இருந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது சூடான ஹோஸில் வால்வு இருக்கும் மாடலாக இருந்தால் அது மூடியே இருக்கிறது. வால்வின் கையை விரலால் தள்ளிப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் அடைப்புதான். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது அதிகம் வரக் காரணம் போர் தண்ணீர். இங்கே நிலத்தடி நீரில் புளோரைடும் உப்பும் அதிகம் என்பதால்தான் குடிக்க ஒகேனக்கல் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அதே போர் தண்ணீரை ரேடியேட்டருக்கு மட்டும் குடம் குடமாக ஊற்றுகிறோம். டீக் கெட்டிலில் படிகிற வெள்ளைப் பொருக்கு கோரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. போன தை மாதம் ஒரு வண்டியின் கோரைக் கழுவியபோது முதலில் செங்கல் கரைத்த மாதிரித் தண்ணீர் வந்தது, பிறகு முட்டை ஓடு மாதிரிச் சில்லு சில்லாக வந்தது.

இன்ஜின் ஆறிய பிறகு கிளிப்பைத் தளர்த்தி, இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, தண்ணீர் வெளியே வரும் பக்கத்திலிருந்து உள்ளே, அதாவது எதிர்த்திசையில், தோட்டத்து ஹோஸால் மெதுவாக அடியுங்கள். தெளிவாக வரும்வரை திசை மாற்றி மாற்றி அடிக்கலாம். வாட்டர் வாஷ் கன் வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் பழைய கோர் பிளந்துவிடும், அப்போது டேஷ்போர்டைக் கழற்றியே ஆகவேண்டும். வடியும் கூலன்ட்டை, அதாவது ரேடியேட்டர் தண்ணீரில் கலந்திருக்கும் திரவத்தை, வாளியில் பிடியுங்கள். அது விஷம், ஆனால் ருசி இனிப்பு. நாயோ கன்றோ நக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இரண்டு ஹோஸ்களுமே ஆறிப்போய் இருந்தால் என்ன? உங்கள் வண்டியில் இதுதான் என்று நினைக்கிறேன். முதலில், இன்ஜின் முழுவதும் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது மேட்டில் இருக்கும் ஹீட்டர் கோர்தான். நிரப்பிய பிறகு ஏர்லாக், அதாவது உள்ளே சிக்கிய காற்றை, எடுக்க வேண்டும். வண்டியின் முகப்பு மேடாக இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். எவ்வளவு ஊற்றியும் குமிழி நிற்காமல் பொங்கினால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டை, பார்க்கச் சொல்லுங்கள்.

மட்டம் சரியாக இருந்தால் அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது தண்ணீர் சூடேறும்வரை பெரிய ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் வால்வு. நம் ஊர் வண்டிகளில் அது இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. சித்திரை வெயிலில் தொப்பூர் மேட்டில் சூடேறுகிறது என்று வண்டியைக் கொண்டு போனால், பல பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கோடையில் ஓட்டுநருக்கு வித்தியாசம் தெரியாது. மார்கழிக் காலையில் இன்ஜின் தண்ணீரில் பெரும்பகுதி எப்போதும் பெரிய ரேடியேட்டர் வழியாகவே ஓடும், எதிர்க்காற்றில் ஆறிக்கொண்டே வரும், 60 டிகிரியைத் தாண்டவே திணறும். டீசலும் கூடுதலாகக் குடிக்கும், இன்ஜினும் சீக்கிரம் தேயும்.

கண்டுபிடிப்பது சுலபம். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வையுங்கள். நல்ல தெர்மோஸ்டாட் இருந்தால் அந்த ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே கிடந்து, பிறகு திடீரென்று சூடாகும். முதல் நிமிடங்களிலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கியிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. ஓடும்போது டெம்பரேச்சர் மீட்டர் முள் அடியிலேயே படுத்திருப்பதும் இதற்கு அடையாளம்.

புதிதாக வாங்குவதை மாட்டும் முன் பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பாருங்கள். அதன் மேல் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும், அந்த டிகிரியில் திறக்கத் தொடங்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் திறக்காவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள். விலை சில நூறு ரூபாய்தான். கூடவே அதற்கான புது கேஸ்கெட்டும் வாங்குங்கள்.

இன்னொன்று. பானெட்டைத் திறந்ததும் அந்த இரண்டு ஹோஸ்கள் தகட்டுக்குள் போகாமல், வளைந்து ஒன்றோடொன்று இணைந்திருந்தால், முன்பு யாரோ கோர் ஒழுகியதால் பைபாஸ் செய்திருக்கிறார்கள். அப்படி இருந்தால், அல்லது கண்ணாடியில் படியும் ஆவி பிசுபிசுவென்று இனிப்பு வாசனையோடு இருந்து, கால் மிதியும் ஈரமாக இருந்தால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. டேஷ்போர்டைக் கழற்றிக் கோரை மாற்றத்தான் வேண்டும்.

அதுவரை காற்றை உள்சுழற்சியில் வைக்காதீர்கள். வெளிக்காற்றுக்கு மாற்றி, ஜன்னலை இரண்டு விரல் இறக்கி ஓட்டினால் ஆவி குறையும். சிலர் ரேடியேட்டர் முன் அட்டையைச் செருகுகிறார்கள். மண்டியில் இறக்கிவிட்டு வெயிலில் திரும்பும்போது அதை எடுக்க மறந்து, ஹெட் வளைந்து வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். கலந்தே விற்பதை வாங்கினால் தண்ணீர் சேர்க்காதீர்கள். தெர்மோஸ்டாட் மாட்டிய பிறகு கோடையில் முள் மறுபடி ஏறினால், அதைத் திரும்பக் கழற்ற விடாதீர்கள். ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், வாட்டர் பம்ப் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பு கண்டுபிடிக்காமல் விட்ட கோளாறு அவற்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் இருக்கும்.